ஏடு அழியாது, ஏற்பது யார்?

ஒரு சான்றிதழ் வாங்கப் போனால் அதற்கு ஆதாரமாக இன்னொரு சான்றிதழ் கேட்பார்கள். அதற்காகப் போனால் மூன்றாவதாக ஒன்று வேண்டும் என்பார்கள். இப்படிப் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தால் இந்த வரிசை எங்கே முடியும்? பெரும்பாலும் பிறப்புப் பதிவில். ஒரு நாள், ஓர் அலுவலகத்தில், பெற்றவர்களோ மருத்துவமனையோ சொன்னதை நம்பி ஓர் அரசு ஊழியர் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டிருப்பார். அதற்கு அப்பால் காகிதம் இல்லை. நம்முடைய பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை, வங்கிக் கணக்கு எல்லாம் அந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கின்றன. அந்த வரியை எழுதிய அரசு, அதைத் தன் சொல்லாக ஒப்புக்கொள்ளும் வரை நமக்குச் சிக்கல் இல்லை. போரில் அந்தப் பதிவேடு எரிந்துபோனால் என்ன ஆகும்? அல்லது பதிவேடு பத்திரமாக இருந்தும், அரசே அந்த ஆளைத் தன்னுடையவர் இல்லை என்று சொல்லிவிட்டால்?

இவை வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு வேறு துன்பங்கள். 2024 இறுதியில் போராலும் வன்முறையாலும் வீடு விட்டு விரட்டப்பட்டவர்கள் உலகில் 12 கோடிக்கு மேல் என்கிறது ஐ.நா. அகதிகள் ஆணையம். இவர்களில் மிகப் பலருக்கு நாடு உண்டு. கையில் இருந்த தாள்தான் போய்விட்டது. நாடற்றவர்களின் கதை வேறு. எந்த நாடும் தன் குடிமகன் என்று ஏற்காதவர் நாடற்றவர் என்று 1954ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை வரையறுக்கிறது. அரசுகள் கணக்குக் காட்டியுள்ள அளவிலேயே இவர்கள் 44 லட்சம் பேர். உண்மை எண்ணிக்கை இதைவிட மிக அதிகம் என்பதை ஆணையமே சொல்கிறது, நாடற்றவரைக் கணக்கெடுக்க எந்த நாட்டுக்கு ஆர்வம் இருக்கும்? தாளைத் தொலைத்தவருக்கும், தாளே மறுக்கப்பட்டவருக்கும் சேர்த்து ஒரே மருந்தாகக் கடந்த பத்தாண்டாகப் பரிந்துரைக்கப்படுவது பிளாக்செயின் வழி டிஜிட்டல் அடையாளம். முதல் கூட்டத்துக்கு அது ஓரளவு உதவும், இரண்டாவது கூட்டத்துக்கு ஏறக்குறைய உதவாது, சில இடங்களில் கெடுதலும் செய்யும் என்பது என் கருத்து. ஏன் என்று பார்க்க அதன் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஏலச்சீட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இருபது பேர் கட்டுகிறார்கள். வழக்கமாகக் கணக்கு நோட்டு சீட்டுப் பிடிப்பவரிடம் மட்டுமே இருக்கும். அவர் நினைத்தால் ஒரு வரியை மாற்றலாம், ஆளோடு நோட்டும் காணாமல் போகலாம். மாறாக, ஒவ்வொரு மாதமும் யார் எடுத்தார், எவ்வளவு தள்ளுபடி என்பதை உரக்கப் படித்து, இருபது பேரும் தத்தம் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள் என்று வையுங்கள். இப்போது ஒருவர் தன் நோட்டில் திருத்தினால் மற்ற பத்தொன்பதும் அவரைக் காட்டிக்கொடுக்கும். இதோடு இன்னொரு ஏற்பாடு: ஒவ்வொரு புதுப் பக்கத்தின் தலையிலும் முந்தைய பக்கத்தின் மொத்த எழுத்திலிருந்தும் கணக்கிட்டு எடுத்த ஒரு குறியை எழுத வேண்டும். பழைய பக்கத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் அதன் குறி மாறும்; எனவே அடுத்த பக்கம் மாற வேண்டும், அதற்கடுத்ததும் மாற வேண்டும். பிளாக்செயின் என்பது அடிப்படையில் இவ்வளவுதான். நோட்டுகளின் இடத்தில் கணினிகள், பக்கங்களின் இடத்தில் தகவல் தொகுதிகள். தமிழில் இதைத் தொடரேடு என்று சொல்லலாம். நோட்டு வைத்திருக்கும் ஒவ்வொரு கணினியும் ஒரு கணு.

அந்தக் குறியை ஆங்கிலத்தில் ஹாஷ் என்கிறார்கள். சாரக்குறி என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு நீளமான எழுத்தைக் கொடுத்தாலும், ஷா-256 என்ற கணக்கீட்டு முறை அதை 64 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு வரியாகச் சுருக்கிவிடும். ஒரு காற்புள்ளியை நீக்கிப் பார்த்தால் வரும் குறிக்கும் பழைய குறிக்கும் ஒட்டு உறவே இருக்காது. குறியிலிருந்து மூல எழுத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. இது நமக்கு எப்படித் தெரியும்? கணிதத்தில் நிரூபித்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். அப்படி ஒரு நிரூபணம் இல்லை. முறையை வெளிப்படையாக அறிவித்துவிட்டு உலகம் முழுவதும் உள்ள வல்லுநர்களை உடைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் யாராலும் முடியாவிட்டால் நம்பத் தொடங்குகிறார்கள். உடைந்தவையும் உண்டு. எம்.டி.5 என்ற பழைய முறையில், இரண்டு வெவ்வேறு உள்ளீடுகளுக்கு ஒரே குறி வரச் செய்யலாம் என்று சீனக் கணிதவியலாளர் வாங் சியாவ்யுன் குழுவினர் 2004இல் காட்டினார்கள். ஷா-1 என்ற முறை 2017இல் அதே வழியில் வீழ்ந்தது. ஷா-256 இன்று வரை தாக்குப்பிடித்து நிற்கிறது. ‘உடைக்கவே முடியாத தொழில்நுட்பம்’ என்ற விளம்பரத்தைப் படிக்கும்போது, அது ‘இதுவரை உடையாத’ என்றே படிக்கப்பட வேண்டும்.

சாரக்குறிகளால் பதிவுகளைக் கோக்கும் இந்த யோசனை, தொடரேட்டைப் பிரபலமாக்கிய பிட்காயினைவிட மூத்தது. அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் இருந்த ஸ்டூவர்ட் ஹேபரும் ஸ்காட் ஸ்டார்நெட்டாவும், ஒரு மின் ஆவணம் குறிப்பிட்ட நாளில் இருந்தது என்பதையும் பிறகு திருத்தப்படவில்லை என்பதையும் எப்படிக் காட்டுவது என்று 1991இல் எழுதினார்கள். 1995 முதல் அவர்களுடைய நிறுவனம், வாரந்தோறும் சேர்ந்த ஆவணங்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு சாரக்குறியைக் கணக்கிட்டு, நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் அறிவிப்புகளும் தொலைந்துபோன பொருள்களும் வரும் பகுதியில் சிறு விளம்பரமாக அச்சிட்டது. நிறுவனமே பின்னாளில் ஏமாற்ற நினைத்தாலும் முடியாது. அச்சான பத்திரிகைப் பிரதிகள் அனைத்தையும் தேடிப்பிடித்துத் திருத்தினால்தான் உண்டு. தொடரேட்டின் வலு எங்கிருந்து வருகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எனக்குத் தெரியவில்லை. ஒருவரோடொருவர் கூட்டுச் சேராத பலர் கையில் ஒரே பிரதி இருப்பதுதான் அந்த வலு.

அந்த வலு எதற்கு உத்தரவாதம் தருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். எழுதியது பிறகு மாறவில்லை என்பதற்கு மட்டும். எழுதியது உண்மைதானா என்று அது பார்ப்பதில்லை. சீட்டுக் கூட்டத்தில் ஒரு பெயரைத் தவறாகப் படித்தால் இருபது நோட்டிலும் அதே தவறு ஏறும், இனி அதை மாற்றுவதும் கடினம். அகதிகளின் பதிவேடுகளில் ஜனவரி 1ஆம் தேதி பிறந்தவர்கள் நம்ப முடியாத அளவுக்கு அதிகம். பிறந்த நாள் தெரியாதவருக்கு அலுவலர் ஏதோ ஒரு தேதியை இட்டாக வேண்டுமே. இப்படிப்பட்ட வரிகளை அழியாத ஏட்டில் ஏற்றினால் கிடைப்பது அழியாத தவறு.

தொடரேட்டோடு சேர்த்துப் பேசப்படும் இன்னொரு தொழில்நுட்பம் உண்மையில் அதைவிடப் பயனுள்ளது. டிஜிட்டல் கையொப்பம். ஓர் அலுவலகம் தன்னிடம் மட்டும் உள்ள ரகசியச் சாவியால் ஒரு சான்றிதழில் கையொப்பமிடும். அதற்கு இணையான பொதுச் சாவி யாரிடமும் இருக்கலாம், அதைக் கொண்டு கையொப்பம் அசல்தானா என்று எவரும் நொடியில் சோதிக்கலாம். கொரோனா காலத்தில் கோவின் தளத்திலிருந்து நாம் இறக்கிக்கொண்ட தடுப்பூசிச் சான்றிதழில் ஒரு கட்டக் குறியீடு இருந்ததே, அதன் உள்ளே இருந்தது இப்படி ஒரு கையொப்பம்தான். சான்று நம் கையில், கையொப்பம் அரசுடையது, சோதிப்பவர் விமான நிலையத்தில். இந்த மூவர் ஏற்பாட்டுக்குச் சோதிக்கத்தக்க சான்று என்று பெயர். இதற்கான பொதுத் தரத்தை இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2019இல் வெளியிட்டது. தடுப்பூசிச் சான்றுக்கு பிளாக்செயின் எதுவும் தேவைப்படவில்லை. சிப் வைத்த பாஸ்போர்ட்டுகளும் இதே கையொப்ப முறையில்தான் இயங்குகின்றன. ஒழுங்காக வடிவமைத்த திட்டங்களில், ஆளைப் பற்றிய தகவல் எதையும் தொடரேட்டில் எழுதுவதில்லை. கையொப்பமிடும் அலுவலகங்களின் பொதுச் சாவிகளும், எந்தச் சான்று ரத்தானது என்ற குறிப்பும் மட்டுமே அங்கே இருக்கும். கேட்பவருக்கு இவ்வளவுக்குத்தானா இத்தனை ஆரவாரம் என்று தோன்றினால் அது நியாயமே.

களத்தில் என்ன நடந்தது? அதிகம் பேசப்படும் முயற்சி ஜோர்டானில் உள்ள சிரிய அகதிகள் முகாம்களில் உலக உணவுத் திட்டம் நடத்தும் ‘பில்டிங் பிளாக்ஸ்’. 2017 தொடக்கத்தில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் சிறு ஒத்திகை. அந்த ஆண்டு மே மாதம் அஸ்ராக் முகாமில் பத்தாயிரம் பேர். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் ஸாத்தரி முகாமும் சேர்ந்து ஒரு லட்சத்துக்கு மேல். மளிகைக் கடையில் பொருளை எடுத்துக்கொண்டு வருபவர் பணமோ அட்டையோ நீட்ட வேண்டாம். ஒரு கருவி அவர் கருவிழியைப் படம்பிடித்து, அகதிகள் ஆணையத்தின் பதிவோடு ஒப்பிட்டு, அவர் இன்னார் என்று சொல்லும். தொகை அவர் கணக்கிலிருந்து கழியும். அந்தக் கழித்தல்தான் தொடரேட்டில் பதிவாகிறது, பெயரில்லாத ஓர் எண்ணின் மேல். வங்கியை இடையில் வைத்துப் பணம் தந்தபோது போன கட்டணத்தில் பெரும்பகுதி மிச்சமானது. இது உண்மையான லாபம். ஆனால் உலகப் பத்திரிகைகள் இதை ‘அகதிகளுக்கு பிளாக்செயின் அடையாளம்’ என்று எழுதியதில்தான் வழுக்கல். அடையாளம் கண்டது கருவிழியும் அகதிகள் ஆணையத்தின் சாதாரணத் தரவுத்தளமும். தொடரேடு செய்தது கடைக் கணக்கு. அந்தக் கணக்குக்கூடத் தொடக்கத்தில் உலக உணவுத் திட்டத்தின் கணுக்களில் மட்டுமே இருந்தது. அதாவது இருபது நோட்டையும் சீட்டுப் பிடிப்பவரே வைத்திருந்தார். அதற்குச் சாதாரணத் தரவுத்தளம் போதாதா என்று அப்போதே வல்லுநர்கள் கேட்டார்கள்.

பின்னாளில் அந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஐ.நா. பெண்கள் அமைப்பு தனக்கென்று ஒரு கணுவோடு சேர்ந்தது. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியபின், பல உதவி அமைப்புகள் ஒரே குடும்பத்துக்கு இரட்டிப்பாகப் பணம் தந்துவிடாமல் இருக்க இதே ஏடு பயன்பட்டது. ஓர் அமைப்பு தன் பயனாளிப் பட்டியலை இன்னொன்றிடம் கொடுக்கத் தயங்கும், கொடுக்கவும் கூடாது. ஆளைக் காட்டாத குறிகளை மட்டும் பொது ஏட்டில் ஒப்பிட்டுப் பார்த்தால் வேலை முடிந்துவிடுகிறது. யார் தலைமையையும் ஏற்க விரும்பாத பல நிறுவனங்களுக்குப் பொதுக் கணக்கு தேவைப்படும் இடத்தில் தொடரேடு பொருந்துகிறது. அது நிறுவனங்களுக்கு இடையிலான பிரச்சினை. ஓர் அகதி தன்னை நிரூபிக்கும் பிரச்சினை வேறு.

இனி நாடற்றவர்களுக்கு வருவோம். மியன்மாரின் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ரோஹிங்யாக்களை அங்கீகரிக்கப்பட்ட இனங்களில் சேர்க்கவில்லை. அதற்கு முன் அவர்களில் பலரிடம் தேசியப் பதிவு அட்டைகள் இருந்தன. 1989 முதல் பழைய அட்டைகளை வாங்கிக்கொண்ட அதிகாரிகள், பெரும்பாலோருக்குப் புதியதைக் கொடுக்கவில்லை. 1995க்குப் பிறகு வெள்ளை அட்டை என்ற தற்காலிகத் தாள் வந்தது. 2015இல் அதுவும் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. 2017 ஆகஸ்டில் தொடங்கிய இராணுவ வன்முறையில் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டோர் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாருக்கு ஓடி வந்தார்கள். தொடரேட்டின் ஆதரவாளர்கள் இந்த இடத்தில் ஒரு வலுவான வாதத்தை வைக்கிறார்கள்: அந்தப் பழைய அட்டைகளின் பிரதியும் சாரக்குறியும் எவராலும் அழிக்க முடியாத ஏட்டில் இருந்திருந்தால், அரசு தாளைப் பிடுங்கினாலும் சான்று பிழைத்திருக்குமே? இதில் உண்மை உண்டு. அனைத்துலக நீதிமன்றத்தில் காம்பியா 2019இல் மியன்மார் மீது தொடுத்ததைப் போன்ற வழக்குகளிலும், என்றாவது ஒரு நாள் நிலவுரிமை கேட்கும்போதும் அப்படிப்பட்ட பதிவு பயன்படலாம். ஆனால் மியன்மார் அவர்களை மறுப்பது சான்று போதாமையால் அல்லவே. தன் அலுவலகமே கொடுத்த அட்டையைத் தன் கையாலேயே வாங்கி வைத்துக்கொண்ட அரசு அது. அந்த அட்டையின் அசல் தன்மையில் அதற்கு ஐயம் எப்போதும் இருந்ததில்லை.

சான்று பிழைத்திருப்பது எப்போதும் நன்மையா என்பதும் கேள்விதான். காக்ஸ் பஜாரில் அகதிகள் ஆணையமும் வங்கதேச அரசும் சேர்ந்து கைரேகையோடு பதிவு நடத்தின. அந்தத் தகவலை வங்கதேசம் மியன்மாரிடம், திருப்பி அனுப்புவதற்கான பரிசீலனைக்காகக் கொடுத்தது என்றும், பலருக்கு அது சரியாகச் சொல்லப்படவில்லை என்றும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2021 ஜூனில் அறிக்கை வெளியிட்டது. ஒப்புதல் கேட்டுத்தான் செய்தோம் என்று ஆணையம் மறுத்தது. எது எப்படியிருந்தாலும், யாரிடமிருந்து தப்பி ஓடினார்களோ அவர்கள் கைக்கே பட்டியல் போனது. கென்யாவில் இன்னொரு வகை. வடகிழக்கே கரிசா பகுதியில் வறட்சிக் காலங்களில் கென்யக் குடிமக்களான சோமாலியர் பலர், உணவுக்காக தாதாப் முகாமில் அகதிகள் என்று பதிந்துகொண்டார்கள். சிலர் குழந்தைகளாக இருந்தபோது பெற்றோர் பதிந்தார்கள். வளர்ந்து தேசிய அடையாள அட்டை கேட்டபோது, கைரேகை அகதிகள் தரவுத்தளத்தில் இருப்பதைக் காட்டி மறுக்கப்பட்டது. சொந்த நாட்டில் குடிமக்களாகப் பிறந்தவர்களை நாடற்றவர்களைப்போல் ஆக்கியது ஓர் அழியாத பதிவு. பசியில் சொன்ன ஒரு பொய்யை மறக்கத் தெரிந்த பதிவேடு அவர்களுக்கு எவ்வளவோ மேல்.

தகவல் ஏட்டில் இருக்காது, அவரவர் கைபேசிப் பெட்டகத்தில் இருக்கும், ரகசியச் சாவி அவரிடம் மட்டுமே இருக்கும் என்று இதற்கு மறுமொழி சொல்வார்கள். வடிவமைப்பாக இது நல்லதே. ஆனால் முகாமில் ஒரு கைபேசியை ஒரு குடும்பமே பயன்படுத்துகிறது; எல்லை கடக்கும்போது அது தொலைகிறது, பிடுங்கப்படுகிறது. சாவி போனால் அடையாளமும் போகும் என்று விட்டுவிட முடியாது, எனவே மீட்டுத் தர ஒரு நிறுவனம் வேண்டும். அந்த நிறுவனத்தை நம்ப வேண்டும். நடுவர் இல்லாத ஏற்பாடு என்று தொடங்கியது கடைசியில் ஒரு நடுவரிடம் வந்து நிற்கிறது. சாவிக்குப் பதில் உடலையே சாவியாக்கலாம் என்றால், நம் ரேஷன் கடைகளில் தேய்ந்த கைரேகையோடு நிற்கும் முதியவர்களைக் கேட்டால் தெரியும். சாவி திருடுபோனால் மாற்றலாம், கருவிழியை மாற்ற முடியாது.

அப்படியானால் நாடற்றவர்களுக்கு எதுதான் உதவியிருக்கிறது? 1921இல் சோவியத் அரசு, நாட்டைவிட்டு வெளியேறிய ரஷ்யர்களின் குடியுரிமையை ஒரே ஆணையில் பறித்தது. அடுத்த ஆண்டு, நாடுகளின் சங்கத்தின் அகதிகள் ஆணையராக இருந்த நார்வேக்காரர் ஃப்ரித்யோஃப் நான்சென், ஒரு பயணத் தாளுக்கு அரசுகளை ஒப்புக்கொள்ள வைத்தார். நான்சென் பாஸ்போர்ட் என்று பெயர் பெற்ற அதில் இருந்தது ஒரு மடித்த தாளும் ஒட்டிய முத்திரைத் தலையும். போலி செய்ய நினைப்பவருக்குப் பெரிய சவால் அல்ல. ஆனாலும் ஐம்பதுக்கு மேற்பட்ட அரசுகள் அதை ஏற்றன, சுமார் நாலரை லட்சம் பேர் பயன்படுத்தினார்கள். இதற்கு நேர்மாறான கதை நமக்கு அருகிலேயே நடந்தது. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தந்தை அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்ததைக் காட்டச் சொன்னது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த பாட்டனுக்கு யார் பிறப்புச் சான்று எழுதி வைத்தார்கள்? மலையகத் தமிழர் ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் எண்ணிக்கையாகப் பங்கிட்டது. அதன் மிச்சம் நாற்பது ஆண்டு நீடித்தது. 2003 அக்டோபரில் இலங்கை நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, 1964 அக்டோபர் 30 முதல் நிரந்தரமாக வசிக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் சந்ததிக்கும் குடியுரிமை தந்தது. பாட்டன் சான்று கேட்கப்படவில்லை. ஓர் உறுதிமொழிப் படிவம் போதுமென்றார்கள். அகதிகள் ஆணையத்தின் கணக்குப்படி, பத்து நாள் முகாம்களில் சுமார் 1,90,000 பேர் குடிமக்கள் ஆனார்கள். ஒரு கணினிகூடத் தேவைப்படாத வேலை அது.

இதை வைத்துத் தொழில்நுட்பமே வேண்டாம் என்று முடிவு கட்டினால் அதுவும் அவசரம். ஸாத்தரி முகாமில் கருவிழிக் கடையைப்போலப் புகழ் பெறாத இன்னொரு வசதி உண்டு. ஜோர்டான் அரசின் குடிமைப் பதிவு அலுவலகமும் திருமணங்களைப் பதியும் ஷரியா நீதிமன்றமும் முகாமுக்குள்ளேயே இயங்குகின்றன. சிரியச் சட்டப்படி குடியுரிமை தந்தை வழியாகவே வருகிறது. வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்குத் தாயின் குடியுரிமை கிடைக்காது. பதியாத திருமணம், போரில் காணாமல் போன கணவன் என்றால், அந்தக் குழந்தை நாடற்றதாகும் ஆபத்து நேரடியானது. திருமணச் சான்றும் பிறப்புச் சான்றும்தான் அதைத் தடுக்கின்றன. அந்தச் சான்றுகளை அரசின் டிஜிட்டல் கையொப்பத்தோடு குடும்பத்தின் கையிலும் கொடுத்தால், தாள் நனைந்தாலும் எரிந்தாலும் அசல் மிஞ்சும். அதற்கு ஆகும் செலவும் அதிகமில்லை. 2024 டிசம்பரில் அசாத் ஆட்சி வீழ்ந்தபின் லட்சக்கணக்கானோர் சிரியாவுக்குத் திரும்பிப் போயிருக்கிறார்கள், முகாமில் பிறந்த குழந்தைகளோடு. ஜோர்டான் கொடுத்த சான்றைத் தன் பதிவேட்டில் ஏற்றிக்கொள்வது பற்றி டமாஸ்கஸ் எடுக்கும் முடிவு, அம்மானும் டமாஸ்கஸும் உட்கார்ந்து பேசி எட்ட வேண்டியது. கொடையாளர்கள் அடுத்த கணுவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை அந்தப் பேச்சுக்கும், முகாம்களில் இன்னும் இரண்டு பதிவாளர்களுக்கும் ஒதுக்கலாம்.